தாத்தா நின்ன இடம் எது? பழைய போட்டோவை வச்சு காணாமப்போன தெருவைத் தேடுறது எப்படி

போன பொங்கலுக்கு எங்க ஃபேமிலி குரூப்ல ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ வந்துச்சு. "1920ல் நம்ம மவுண்ட் ரோடு, எவ்வளவு அமைதி பாருங்க"ன்னு கீழ எழுதியிருந்தது. எல்லாரும் ஹார்ட் போட்டாங்க, பெரியப்பா மட்டும் அழுற எமோஜி போட்டார். எனக்கு என்ன சந்தேகம்னா, படத்துல பின்னாடி எல்.ஐ.சி. பில்டிங் நெடுநெடுன்னு நிக்குது. அது திறந்ததே 1959ல. 1920ல அது எப்படிங்க அங்க நிக்கும்?

இதைச் சொன்னா "உனக்கு எல்லாத்துலயும் குத்தம்தான்"னாங்க. சரின்னு விட்டுட்டேன், ஆனா மனசு விடல. ஏன்னா பழைய போட்டோ பாக்குறதுன்னா நம்மாளுங்களுக்கு ரெண்டே விதம்தான். ஒண்ணு கீழ எழுதியிருக்கிறதை அப்படியே நம்புறது, இல்ல "ஆஹா அந்தக் காலம்"னு பெருமூச்சு விடுறது. அந்த ஒரு படத்துக்குள்ள எந்த இடம், எந்த வருஷம், கேமரா எந்த மூலையில இருந்ததுங்கிற வரைக்கும் தகவல் கிடக்கு. எடுக்கத்தான் ஆள் இல்ல. அதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், பொறுமையும் கொஞ்சம் சந்தேக புத்தியும் போதும்.

உதாரணத்துக்கு எங்க அத்தை பீரோல இருந்த ஒரு போட்டோவையே எடுத்துக்கறேன். தாத்தா ஒரு கைக்குழந்தையைத் தோள்ல வச்சுக்கிட்டு நிக்கிறார், வலது பக்கம் செங்கல் கட்டிடம், வரிசையா வளைவுகள். பின்பக்கம் அத்தை கையெழுத்துல "மூர் மார்க்கெட், 1948. அப்பாவும் தம்பியும்"னு இருக்கு. தம்பின்னா எங்க அப்பா. இந்தப் படத்தை நான் சின்ன வயசுலேந்து பாத்துட்டு இருக்கேன். ஒருநாளும் கேள்வி கேட்டதில்ல.

கல்யாண ஆல்பம் லாஜிக்

தேதி போடாத ஒரு குடும்பப் போட்டோவை நம்ம வீட்ல எப்படிக் கண்டுபிடிப்பாங்க? "இதுல சித்தப்பா பக்கத்துல சித்தி நிக்கிறா, அப்போ கல்யாணத்துக்கு அப்புறம். பாட்டி இருக்காங்க, அப்போ அவங்க போறதுக்கு முன்னாடி. சின்னவன் இன்னும் பொறக்கல." முடிஞ்சது, மூணு வருஷத்துக்குள்ள கொண்டு வந்துடுவாங்க. ஊர் போட்டோவுக்கும் இதே கணக்குதான். மனுஷங்களுக்குப் பதிலா கட்டிடம், சிலை, கம்பம், தண்டவாளம்.

இதுல ரெண்டு வார்த்தை தெரிஞ்சா போதும். படத்துல இருக்கிற பொருள்கள்ல கடைசியா வந்தது எதுவோ, அது வந்த வருஷம் கீழ் வரம்பு. அதுக்கு முன்னாடி இந்தப் படம் எடுத்திருக்கவே முடியாது. படத்துல இருக்கிறதுல முதல்ல காணாமப்போனது எதுவோ, அது போன வருஷம் மேல் வரம்பு. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நம்ம தேதி எங்கயோ இருக்கு.

சென்ட்ரல் ஸ்டேஷன் வாசல் ரோட்டையே எடுத்துக்கோங்க, பூந்தமல்லி ஹை ரோடு. இதைப் பழகுறதுக்கு மெட்ராஸ்ல இதைவிட நல்ல ஏரியா கிடையாது. சென்ட்ரல் ஸ்டேஷன் 1873, விக்டோரியா பப்ளிக் ஹால் 1880கள் கடைசி, மூர் மார்க்கெட் 1900, ரிப்பன் பில்டிங் 1909ல அடிக்கல் நாட்டி 1913ல திறந்தாங்க. ரோட்டுல டிராம் ஓடினது 1895லேந்து 1953 வரைக்கும். மூர் மார்க்கெட் 1985 மே மாசக் கடைசியில எரிஞ்சு போச்சு, அந்த இடத்துலதான் இப்ப சபர்பன் ரயில் டெர்மினஸும் ரிசர்வேஷன் கட்டிடமும் இருக்கு. பழைய புஸ்தகம், கிராமபோன் ரெக்கார்டு, கிளி, முயல்னு கிடைக்காத பொருளே இல்லைன்னு சொல்ற மார்க்கெட் அது. கட்டினப்போ மாநகராட்சித் தலைவரா இருந்த ஜார்ஜ் மூர் பேரைத்தான் வச்சாங்க.

இப்ப ஒரு படத்துல மூர் மார்க்கெட்டும் இருக்கு, டிராமும் ஓடுது, ரிப்பன் பில்டிங் நிக்க வேண்டிய இடம் வெறும் மரமா இருக்குன்னு வைங்க. 1900க்கு அப்புறம், 1910 வாக்குக்கு முன்னாடி. பத்து வருஷத்துக்குள்ள வந்தாச்சு, ஒரு புஸ்தகத்தைக்கூடத் திறக்காம.

ஆனா ஒரு எச்சரிக்கை. "இருக்கு"ங்கிறது பலமான சாட்சி, "இல்ல"ங்கிறது பலவீனமான சாட்சி. ரிப்பன் பில்டிங் படத்துல இல்லைன்னா அது இன்னும் கட்டலைன்னும் இருக்கலாம், கேமரா அந்தப் பக்கமே திரும்பலைன்னும் இருக்கலாம், முன்னாடி ஒரு ஆலமரம் மறைச்சிருக்கலாம். அந்தக் கோணத்துல அது கட்டாயம் தெரிஞ்சே ஆகணும்னு நிரூபிச்ச பிறகுதான் இல்லாததை வச்சு பேசணும். நெட்ல நடக்கிற பாதி சண்டை இந்த ஒரு விஷயத்தை மறந்துட்டுத்தான் நடக்குது.

போர்டு படிக்கிற கலை

கட்டிடத்தைவிட கடை போர்டுதான் நமக்கு ஃப்ரெண்டு. பெரிசா ஸ்கேன் பண்ணி ஜூம் பண்ணினா என்னவெல்லாம் கிடைக்கும்னு பாருங்க.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதுக்கு முன்னாடி "சென்னை-3", "மெட்ராஸ்-2"ன்னுதான் போர்டுல இருக்கும். ஆறு இலக்கம் இருந்தா படம் அதுக்கு அப்புறம்னு அடிச்சுச் சொல்லலாம். ஆனா திருப்பிச் சொல்ல முடியாது, இன்னிக்கும் "சென்னை-17"னு போர்டு எழுதுறவங்க தி.நகர்ல இருக்காங்க இல்லையா. மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பேர் மாறினது 1969. இங்கிலீஷ் போர்டுல மெட்ராஸ் போய் சென்னை வந்தது 1996க்கு அப்புறம், ஆனா தமிழ் போர்டுல எப்பவுமே சென்னைதான், அதனால தமிழ் போர்டை வச்சு அந்தக் கணக்கு போடாதீங்க. வண்டி நம்பர்ல டி.என். 01 மாதிரி மாவட்ட நம்பர் போட்டு வந்திருந்தா அது 1989க்குப் பின்னாடி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எழுத்து. 1978ல எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தது, அதுக்கு முன்னாடி லை, னை, ணை எல்லாம் தும்பிக்கை மாதிரி எழுத்து மேலேயே ஒரு வளைவோட இருக்கும். றா, னா, ணா மூணும் வேற மாதிரி சுழி போட்டு வரும். நாப்பது வயசுக்கு மேல இருக்கிறவங்க பழைய புஸ்தகத்துல பாத்திருப்பீங்க. போர்டுல தும்பிக்கை இருந்தா 1978க்கு முன்னாடி எழுதின போர்டா இருக்க வாய்ப்பு அதிகம். போர்டு எழுதினதுதான் அப்போ, படம் எடுத்தது இல்ல, கவனம். பெயின்ட் உதிர்ற வரைக்கும் போர்டை மாத்தாத அண்ணாச்சி எத்தனை பேர். எதிர்ப்பக்கமும் ஓட்டை இருக்கு, பெரியார் தன் பத்திரிகையில 1935லேயே புது எழுத்தைக் கொண்டு வந்துட்டார், அதனால அந்த வட்டாரத்துப் போஸ்டர்ல 1950கள்லகூட புது னை பாக்கலாம்.

சினிமா போஸ்டர் கிடைச்சா லாட்டரிதான். கடை போர்டு முப்பது வருஷம் இருக்கும், போஸ்டர் மேல அடுத்த வெள்ளிக்கிழமை வேற போஸ்டர் ஒட்டிடுவாங்க. ரிலீஸ் தேதி தெரிஞ்சா படம் எடுத்த மாசமே சிக்கும் (ரீ-ரிலீஸ் போஸ்டரா இல்லாம இருந்தா).

போஸ்ட் கார்டா இருந்தா பின்பக்கம் திருப்புங்க. ஸ்டாம்ப்ல விக்டோரியா ராணியா, எட்வர்டா, ஜார்ஜான்னு பாருங்க. ராணி செத்தது 1901, எட்வர்டு 1910 வரைக்கும். பின்பக்கம் நடுவுல ஒரு கோடு போட்டு ஒரு பாதி அட்ரஸுக்கு ஒரு பாதி சேதிக்குன்னு பிரிச்சிருந்தா, அந்த வழக்கமே பிரிட்டன்ல 1902லதான் வந்தது, அதுக்கு முன்னாடி பின்பக்கம் முழுக்க அட்ரஸுக்கு மட்டும்தான். ஆனா முத்திரைத் தேதின்னா கார்டு போட்ட தேதி, அவ்வளவுதான். கார்டு விக்கிறவங்க ஒரே படத்தைப் பத்து பதினஞ்சு வருஷம் அச்சடிச்சு வித்துட்டு இருந்தாங்க. அது மேல் வரம்பு மட்டும் தரும், கீழ் வரம்பு தராது.

சரி, அத்தை போட்டோவுக்கு வருவோம். ஸ்கேன் பண்ணி பெரிசாக்கினேன். வளைவுக்குக் கீழ ஒரு கடை போர்டு, பாதிதான் தெரியுது. "…ன்னை-600 003". பார்க் டவுன் பின்கோடு, இடம் சரி. னை தும்பிக்கையோட இருக்கு. அப்போ 1972க்கு அப்புறம், மார்க்கெட் எரிஞ்ச 1985க்கு முன்னாடி, அனேகமா 1978 வாக்குக்குள்ள. எங்க அப்பா பொறந்தது 1946. இந்தப் படம் எடுக்கும்போது அவருக்கு மீசை முளைச்சு வேலைக்குப் போயிட்டு இருந்தார். அப்ப தாத்தா தோள்ல இருக்கிறது யாரு?

இதுவரைக்கும் வந்ததைச் சேத்து ஒரு தடவை பாத்துக்குவோம். தேதின்னு ஒரு நம்பரைத் தேடாதீங்க, ரெண்டு பக்கமும் சுவர் கட்டுங்க. ஒவ்வொரு தடயமும் ஒரு பக்கச் சுவரைத்தான் தள்ளும். கையால எழுதின குறிப்பும் ஒரு தடயம்தான், தீர்ப்பு இல்ல.

கேமரா எங்க நின்னுச்சு?

எப்போங்கிறது ஆச்சு, இனி எங்க. இதுக்குப் பேருதான் பெரிசு, விஷயம் பஸ் ஜன்னல்தான். பஸ்ல போகும்போது பக்கத்துல இருக்கிற புளியமரம் சர்ருன்னு ஓடும், தூரத்து மலை அப்படியே கூடவே வரும். நாம நகரும்போது கிட்ட இருக்கிறதும் தூரத்துல இருக்கிறதும் ஒண்ணுக்கொண்ணு இடம் மாறித் தெரியுறதைத்தான் இடமாறு தோற்றம்னு சொல்றது. ஸ்கூல்ல ஸ்கேலைச் சாய்ச்சு வச்சுப் படிச்சா அளவு தப்பா வரும்னு டீச்சர் சொன்னது ஞாபகம் இருக்கா, அதே சங்கதி.

இதைத் திருப்பிப் போடுங்க. போட்டோல ரெண்டு கோபுரம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு ஒட்டினாப்ல தெரியுது. இப்படித் தெரியணும்னா கேமரா அந்த ரெண்டு கோபுரத்தையும் சேக்குற கோட்டு மேலதான் இருந்திருக்கணும். ஒரு அடி இடது பக்கம் போனாலும் ரெண்டும் விலகிடும். ரெண்டு கோபுரமும் இன்னிக்கும் இருந்தா, மேப்பைத் திறந்து ஸ்கேல் வச்சு கோடு போடுங்க. கேமரா அந்தக் கோட்டுல எங்கயோ இருக்கு. இன்னொரு ஜோடி கிடைச்சா, ஒரு மணிக்கூண்டும் முன்னாடி ஒரு கட்டிடத்து மூலையும் மாதிரி, ரெண்டாவது கோடு போடுங்க. ரெண்டு கோடும் வெட்டிக்கிற புள்ளிதான் போட்டோகிராபர் கால் வச்ச இடம். அவ்வளவுதாங்க மொத்த வித்தையும். கடல்ல மீன் பிடிக்கப் போறவங்க கரையில இருக்கிற கோயிலையும் பனைமரத்தையும் ஒரே நேர்ல பாத்து எங்க வலை போட்டோம்னு அடையாளம் வச்சுக்குவாங்க, அவங்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்ல.

இதுல முக்கியமான விஷயம், இடத்தைக் கண்டுபிடிக்க காணாமப்போன கட்டிடம் உதவாது, இன்னும் இருக்கிற கட்டிடம்தான் உதவும். புதுசா வர்றவங்க எல்லாரும் படத்துக்கு நடுவுல இருக்கிற மூர் மார்க்கெட்டையே உத்து உத்துப் பாப்பாங்க. ஓரத்துல மங்கலா தெரியுற கோபுர நுனி, சர்ச் ஊசி, தண்ணி டேங்க், பாலத்துக் கைப்பிடி, இதுங்கதான் சாவி.

தாத்தாவோட தலைக்கு இடது பக்கம் மங்கலா ஒரு கோபுரம் இருந்துச்சு, கூரை பிரமிடு மாதிரி. விக்டோரியா ஹால். அதுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட ஒட்டினாப்ல வெள்ளையா ஒரு மணிக்கூண்டு, ரிப்பன் பில்டிங், 132 அடி உயரம், அதனாலதான் அவ்வளவு தூரத்துலேந்தும் தலை தெரியுது. ரெண்டையும் சேத்து மேப்ல கோடு போட்டா கிழக்கே சென்ட்ரல் பக்கமா ஓடுது. மூர் மார்க்கெட் படத்துல வலது பக்கம். அப்போ கேமரா கிழக்குல நின்னு மேற்கப் பாக்குது. நிழலும் அதைத்தான் சொல்லுது, எல்லா நிழலும் கேமராவை விட்டு விலகி ரிப்பன் பில்டிங் பக்கம் நீளமா விழுது. சூரியன் கேமராவுக்குப் பின்னாடி, கிழக்க. காலை நேரம்.

நிழலைப் பத்தி ஒரு சின்ன விஷயம், நிறைய பேர் தப்பு பண்றது. "இந்தியாவுல மத்தியானம் நிழல் வடக்க விழும்"னு ஒரு விதி சொல்வாங்க, டெல்லிக்கு அது எப்பவும் சரி. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு, ஏப்ரல் கடைசியிலேந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்க போயிடும், நிழல் தெக்க விழும். கோடைக்காலப் படத்தை வச்சு திசை சொல்லும்போது தலைகீழா மாட்டிக்காதீங்க.

படம் ஏமாத்துற விதங்கள்

போட்டோ பொய் சொல்லாதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. சொல்லும், ஆனா எப்பவும் ஒரே மாதிரி பொய்யா சொல்லும். அதைத் தெரிஞ்சுக்கிட்டா பயமில்ல.

முதல் பொய், காலி ரோடு. லின்னேயஸ் டிரைப்னு ஒரு ராணுவக் கேப்டன், மெட்ராஸ் அரசாங்கத்தோட போட்டோகிராபரா இருந்தவர், 1858ல மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் படம் எடுத்தார். மெழுகு தடவின பேப்பர் நெகட்டிவ், பெரிய பெட்டி கேமரா. அந்தப் படங்களைப் பாத்தா மதுரை மாதிரி ஊர்லகூட ஈ காக்கா இருக்காது. அதை ஷேர் பண்ணி "அப்போ ஜனத்தொகையே இல்ல"ன்னு எழுதுறாங்க. அட, ஷட்டரை அப்போ ரொம்ப நேரம் திறந்து வைக்கணும், சிலசமயம் நிமிஷக் கணக்குல. அசையாம நின்ன கோபுரம் பதியும், நடந்து போன மனுஷன் பதிய மாட்டான். மாட்டுவண்டி நின்னிருந்தா வண்டி பதியும், தலையாட்டின மாட்டுக்குத் தலை இருக்காது. ஊர் காலியா இல்ல, கேமராவுக்குத்தான் கண்ணு மெதுவா வேலை செஞ்சது.

ரெண்டாவது, தூரம். டி.வி.ல கிரிக்கெட் பாக்கும்போது பவுலரும் பேட்ஸ்மேனும் கை குலுக்குற தூரத்துல இருக்கிற மாதிரி தெரியும், ஆனா பிட்ச் 22 கஜம். பவுண்டரிக்கு வெளியிலேந்து டெலிஃபோட்டோ லென்ஸ்ல எடுக்கிறதால தூரம் எல்லாம் நசுங்கிடுது. பழைய தெருப் படத்துலயும் இது நடக்கும், தூரத்துலேந்து எடுத்தா ரெண்டு கட்டிடம் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும், நடுவுல ஒரு முழு தெருவே காணாமப் போயிருக்கும். கிட்ட நின்னு அகலமான லென்ஸ்ல எடுத்தா சின்ன சந்து மைதானம் மாதிரி தெரியும். "அப்போ ரோடு எவ்வளவு அகலம்"னு சொல்றதுக்கு முன்னாடி ரோட்டுல நிக்கிற வண்டியை வச்சு அளந்து பாருங்க.

மூணாவது, இடம் வலம் மாறிப் போறது. நெகட்டிவைத் திருப்பி வச்சு பிரின்ட் போட்டுட்டா தெரு முழுக்கக் கண்ணாடி பிம்பம் ஆயிடும். போர்டு இருந்தா உடனே மாட்டும். இல்லைன்னா சட்டைப் பாக்கெட் இடது பக்கம் இருக்கா, புடவை முந்தானை இடது தோள்ல இருக்கா, கார் ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கான்னு பாருங்க. நான் ஒரு படத்துக்கு ஒரு வாரம் மேப்ல கோடு போட்டுப் போட்டுப் பாத்துட்டு எதுவுமே ஒத்து வராம கடைசியில ஒரு தாத்தாவோட பாக்கெட்டைப் பாத்துதான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

நாலாவது கலர். ஆரம்பக் கால நெகட்டிவுக்கு நீலம்தான் நல்லா தெரியும், சிவப்பு சுத்தமா தெரியாது. அதனால வானம் மேகமே இல்லாம வெள்ளையா போயிடும், கோயில் மதில்ல காவிப்பட்டை கறுப்பா வரும். கலர் போஸ்ட் கார்டுன்னா இன்னும் மோசம், நிறைய கார்டு ஜெர்மனியில அச்சடிச்சது, மெட்ராஸை ஜென்மத்துல பாக்காதவங்க இஷ்டத்துக்குப் பூசின கலர். இப்ப ஏ.ஐ. ஆப்பும் அதே வேலையைத்தான் பண்ணுது. தாத்தா படத்தை ஒரு ஆப்ல போட்டேன், ரிப்பன் பில்டிங்குக்கு அழகா மஞ்சள் அடிச்சுக் கொடுத்துச்சு. இதுல ஒரு படி மேல போய் முழுப் படத்தையே உருவாக்கி "1890 மயிலாப்பூர்"னு சுத்த விடுறாங்க. அதைக் கண்டுபிடிக்கவும் மேல சொன்ன அதே கோடுதான் வழி. நிஜப் படத்துல குளமும் கோபுரமும் மேப்போட ஒத்துப் போகும், பொய்ப் படத்துல கோபுரம் குளத்துக்குத் தப்பான பக்கத்துல நிக்கும்.

பழைய மேப்பைப் புது மேப் மேல விரிக்கிறது

போட்டோ மட்டும் வச்சு ஒரு தெருவோட முழு உருவத்தையும் பிடிக்க முடியாது, அது ஒரு பக்கத்தைத்தான் காட்டும். அதுக்குப் பழைய வரைபடம் வேணும். பழைய மேப்பை இன்னிக்கு சேட்டிலைட் மேப் மேல சரியா பொருத்துறதுக்கு ஜியோரெஃபரன்ஸிங்னு பேரு. மொட்டை மாடியில வடாம் காயப்போட வேட்டி விரிப்போம் இல்லையா, காத்துல பறக்காம நாலு மூலையிலயும் கல் வைப்போம், எங்க சுருக்கம் விழுதோ அங்க இன்னொரு கல். அதேதான். அந்தக் கல்லுக்கு கட்டுப்பாட்டுப் புள்ளின்னு பேரு, அதாவது ரெண்டு மேப்லயும் சந்தேகமே இல்லாம ஒரே இடம்னு தெரியுற புள்ளி.

கல் எங்க வைக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. கோயில் குளத்து மூலை நல்ல கல். பழைய சர்ச், கல்பாலம் நல்ல கல். ரோடு ஓரம் மோசமான கல், அது அகலமாயிட்டே இருக்கும். கூவம் கரை, கடற்கரை ரெண்டும் ரொம்ப மோசம், துறைமுகம் கட்டினதுக்கு அப்புறம் மெரினாவுல மணல் சேந்து கடல் எவ்வளவோ தூரம் தள்ளிப் போயிடுச்சு. எல்லாக் கல்லையும் ஒரே மூலையில வைக்காதீங்க, மறு மூலை பறக்கும்.

சேட்டிலைட் மேப் மேல விரிச்சதும் சில இடத்துல ஒரு மாதிரி மயிர்க்கூச்செறியும். தி.நகர் எல்லாம் பழைய மேப்ல ஏரி. மயிலாப்பூர்லேந்து நுங்கம்பாக்கம் வரைக்கும் நீளமா ஒரு ஏரி, 1920கள்லதான் அதுல ஊர் எழும்ப ஆரம்பிச்சது.

பேர்ல ஒளிஞ்சிருக்கிற தெரு

போட்டோ பிறக்குறதுக்கு முன்னாடியே காணாமப்போன விஷயங்களும் உண்டு, அதுங்களைப் பேர் காப்பாத்தி வச்சிருக்கும். நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு, லேக்கும் இல்ல கரையும் இல்ல. மூர் மார்க்கெட் எரிஞ்சப்போ கடைக்காரங்களுக்கு இடம் கொடுத்தது அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸ்ல, குளம் எங்கன்னு நீங்களே கேட்டுக்குங்க. சென்ட்ரலுக்குப் பக்கத்துல வால்டாக்ஸ் ரோடு, நான் சின்ன வயசுல அது ஏதோ துரை பேருன்னு நினைச்சேன். 18ஆம் நூற்றாண்டுல கம்பெனிக்காரங்க கறுப்பர் பட்டணத்தை, அதாவது இப்ப ஜார்ஜ் டவுன்னு சொல்ற ஏரியாவைச் சுத்திச் சுவர் கட்டி, அதுக்கு ஜனங்ககிட்ட வரி வாங்கப் பாத்தாங்க, சுவர் வரி. வரி வசூலாகவே இல்லைன்னுதான் சொல்றாங்க. சுவரும் போச்சு, பழைய வண்ணாரப்பேட்டையில ஒரு துண்டு மட்டும் பாக்கி, அது மேல மாடிப் பூங்கா. வராத வரிக்குத்தான் இன்னிவரைக்கும் பேர் இருக்கு.

மதுரையில இன்னும் தெளிவு. 1840கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துல கோட்டைச் சுவரை இடிச்சு அகழியை மூடினாங்க, அந்தச் சதுரம்தான் இப்ப வெளி வீதிகள். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையைப் பாத்தவங்க பேருதான்னு மதுரைக்காரங்க சொல்வாங்க. டிரைப் கேமராவோட வந்தப்போ கோட்டை ஏற்கெனவே இல்ல. சுவர் முழுசா நின்ன காலத்தை எந்தக் கேமராவும் பாக்கல, ஆனா மேப்பைத் திறந்தா அதோட உருவம் அப்படியே தெரு வடிவத்துல உக்காந்திருக்கு.

எங்க தேடுறது

பெரிய இடங்கள் இருக்கு. எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அங்கேயே கன்னிமாரா நூலகம், தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஆன்லைன்ல பிரிட்டிஷ் லைப்ரரி. வீல் அண்ட் க்ளைன், நிக்கலஸ் மாதிரி பழைய மெட்ராஸ் ஸ்டூடியோக்கள் எடுத்த படங்களும் ஹிக்கின்பாதம்ஸ் போட்ட போஸ்ட் கார்டுகளும் ஏலத்துல இன்னும் சுத்திட்டு இருக்கு. ஆனா அதெல்லாம் ஊரோட அழகான முகத்தைத்தான் காட்டும். துரைமார் எடுத்தது, துரைமார் வாங்கினது. சந்து, டீக்கடை, ஒரு சாதாரண வீட்டு வாசல், இதெல்லாம் வேணும்னா பீரோவைத் திறக்கணும். கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளை அழைப்பு படம் பாருங்க, மாப்பிள்ளையை விடுங்க, கார் பின்னாடி தெரு முழுக்க இருக்கும். கடை திறப்பு விழா, ஸ்கூல் குரூப் போட்டோ, கட்சி ஊர்வலம், பழைய தமிழ் சினிமாவுல ரோட்ல கார் ஓட்டிக்கிட்டே பாடுற பாட்டு. எடுத்தவங்களுக்கு எது தேவையில்லாத பின்னணியோ அதுதான் நமக்குப் படமே.

வீட்டு ஆல்பத்தை ஸ்கேன் பண்ணும்போது ஒண்ணு மட்டும் செய்யுங்க, பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க. ஸ்டூடியோ சீல், பென்சில் நம்பர், தப்பான குறிப்பு உட்பட எல்லாம் வேணும். அழிச்சுத் திருத்தி எழுதாதீங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பிரின்டை எடுத்துக்கிட்டு சென்ட்ரல் போனேன். கோடு எனக்குக் காட்டின இடம் டெர்மினஸ் வாசல்ல பார்க்கிங் பக்கமா வருது. விக்டோரியா ஹால் கோபுரத்துக்கு நேரா ரிப்பன் மணிக்கூண்டு வர்ற வரைக்கும் நண்டு மாதிரி பக்கவாட்டுல நகர்ந்து நகர்ந்து போனேன், ரெண்டு ஆட்டோக்காரங்க எங்க போகணும்னு கேட்டாங்க, எங்கயும் போகல இங்கதான்னேன். மரமும் போர்டும் பாதி மறைச்சாலும் ரெண்டும் ஒரு இடத்துல ஒட்டுச்சு. அங்க நின்னு எடுத்த படத்தையும் பழைய படத்தையும் பக்கத்துல வச்சு அத்தைகிட்டக் காட்டி, பின்கோடு, தும்பிக்கை னை எல்லாம் விளக்கி, தோள்ல இருக்கிறது அப்பா இல்ல, 1971ல பொறந்த பெரியப்பா பையன்தான், இப்ப ஆவடியில ஹவுசிங் லோன் கட்டிட்டு இருக்கான்னேன்.

அத்தை கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. "ஆமா, இவன் காது மாதிரிதான் இருக்கு"ன்னாங்க. அப்புறம் படத்தைத் திருப்பி அவங்க எழுத்தை ஒரு தடவை பாத்துட்டு, "அப்ப உங்கப்பாவைத் தூக்கிட்டு நின்ன போட்டோ எங்கடா?"ன்னு பீரோ சாவியைத் தேட ஆரம்பிச்சாங்க.